ரீபவுண்டுக்கு ஒருத்தரும் பாஸ் தரத் தேவையில்ல தம்பி

போன கிழம ஒரு தம்பி எழுதின கடிதம் இது. பேர், கம்பஸ், எந்த வருசத்து மச் எண்டதெல்லாம் எடுத்துட்டன், கொஞ்சம் சுருக்கியும் இரிக்கன். மத்ததெல்லாம் அவர்ட வார்த்தைதான்.

"வணக்கம் சேர். நான் மட்டக்களப்புப் பக்கம், கம்பஸ்ல மூணாம் வருசம். ஸ்கூல் காலத்துல இருந்தே எனக்கு பாஸ்கட்போல்தான் எல்லாம். பெஸ்ட் இயர்லயே டீமுக்கு எடுத்தாங்க. கொழும்புல நடந்த ஒரு மச்சுல, கடைசி குவாட்டர்ல ரெண்டு நிமிசம் மிச்சம் இருக்கக்குள்ள நாங்க 3 பொயிண்ட் முன்னுக்கு. ரெபரி எனக்கு ஒரு பிழையான பவுல் குடுத்தார், நான் பந்த நிலத்துல ஓங்கி அடிச்சிட்டு கத்திட்டன். செக்கண்ட் குவாட்டர்லயும் ஒரு டெக்னிக்கல் (கெட்ட நடத்தைக்குக் குடுக்கிற பவுல்) வாங்கியிருந்தன், அதால வெளிய அனுப்பிட்டாங்க. 2 பொயிண்டால தோத்தம். திரும்பி வரக்குள்ள பஸ்ல ஒருத்தரும் எனக்கிட்ட கதைக்கல்ல. அந்தக் கோவத்துல வட்சப் குரூப்புல கப்டனப் பத்தி, கோச்சுட ஆள் எண்டபடியாத்தான் நீ கப்டன் எண்டு எழுதிட்டன். பொறகு ஒரு சனி ஞாயிறு பிரக்டிஸுக்கு, அம்மம்மா மோசம் போயிட்டா எண்டு சொல்லிட்டு அம்பாறைப் பக்கம் காசுக்கு ஒரு சொப்ட்போல் டோர்ணமெண்ட் விளையாடப் போனன். ஆரோ பேஸ்புக்ல போட்டோ போட்டு மாட்டிக்கிட்டன். ஒரு வருசம் டீம்ல இருந்து நிப்பாட்டிட்டாங்க. இப்ப கோச் திரும்ப வரச் சொல்லியிரிக்கார். போய் மூணு நாள், ஒருத்தனும் பாஸ் தாறான் இல்ல. ரெண்டு பேர் நக்கலா அம்மம்மா சுகமா எண்டு கேக்கிறானுகள். அம்மம்மா உயிரோட இரிக்கா சேர், அவவுக்கு இது ஒண்டும் தெரியா. எனக்கு ஒரே ஒரு மச் வேணும், 30 பொயிண்ட் அடிச்சிக் காட்டினா எல்லாரும் வாய மூடுவாங்க. சில ராவுல நித்திர இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிரலாம் போல இரிக்கு. நான் திரும்பப் போகட்டா, விடட்டா?"

தம்பி, பாஸ்கட்போல் கதைய கொஞ்சம் வெச்சிக்கொள்ளுவம், முதல்ல அந்த நித்திர இல்லாத ராவுக்கு வாறன். எங்கயாவது போயிரலாம் போல எண்டு எழுதியிரிக்கீங்க, அது டீம விட்டுப் போறதா, ஊர விட்டுப் போறதா, இல்ல உயிர விட்டுட்டுப் போறதா எண்டு கடிதத்த மட்டும் வெச்சி என்னால சொல்ல ஏலா, அதால நேராவே கேக்கிறன், சாகோணும் எண்ட எண்ணம் வருதா? வந்தா இத மேல வாசிக்க முதல் 1926 க்கு அடிங்க, அது தேசிய மனநல நிறுவனத்துட இலக்கம், ராவு பகல் எண்டு இல்லாம எடுப்பாங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில உளநலப் பிரிவு இரிக்கு, நடந்து போய் கதைக்கலாம், வெட்கப்பட அதுல ஒண்டும் இல்ல, முழங்கால் வீங்கினா காட்டத்தானே போவீங்க. சாகிற எண்ணம் இல்ல, நித்திர மட்டும்தான் இல்ல எண்டாலும் அது ரெண்டு கிழமைக்கு மேல இழுத்தா விடாதீங்க. கம்பஸ்லயும் மாணவ ஆலோசகர் ஒருத்தர் இரிப்பார், அவருட்டயாவது போங்க. இத நான் கடமைக்கு எழுதல்ல. ஒரு பொடியன் ராவுல முழிச்சிக்கிட்டு தனிய யோசிக்கிற யோசனை விடியக்குள்ள எவ்வளவு பெருசா வளந்து நிக்கும் எண்டு இத்தின வருசமா எனக்கு முன்னால இருந்து அழுத பிள்ளைகள்ல கண்டிரிக்கன்.

சரி, உங்கட கேள்விக்கு பதில்: போங்க. கட்டாயம் போங்க. ஆனா நீங்க நெனைக்கிற அந்த 30 பொயிண்ட் மச்சுக்காகப் போகாதீங்க.

ஏன் எண்டு சொல்லுறதுக்கு ஒரு கதை சொல்லோணும், அது அமெரிக்காக் கதைதான், ஆனா நம்மட ஊரோட அதுக்கு ஒரு நூல் இரிக்கு. மட்டக்களப்புல இந்த விளையாட்டு இப்பிடி ஊறினதுக்கு புனித மிக்கேல் கல்லூரியில படிப்பிச்ச அமெரிக்க இயேசு சபைப் பாதர்மார் பெரிய காரணம், அவங்க வந்தது அந்தச் சபையிட நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துல இருந்து. வெபர் மைதானத்துக்குப் பக்கத்தால தினமும் போற பிள்ளைகள் எத்தின பேருக்கு அது ஒரு பாதர்ட பேர் எண்டு தெரியுமோ தெரியா. யூஜின் ஹெபர்ட் பாதர் லூசியானாவுல பிறந்தவர், நம்மட பொடியனுகளுக்கு பந்து பிடிக்கப் பழக்கினவர், 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வாற வழியில காணாமப் போனவர், இண்டைக்கு வரைக்கும் வரல்ல. அவரப் பத்தி ஒரு வரி எழுதாம இந்த ஊர்ல பாஸ்கட்போல் கதைக்க என்னால ஏலா.

அவங்க வந்த அதே நியூ ஓர்லியன்ஸ்ல, 1982 மார்ச் 29, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ட இறுதி மச். ஒரு பக்கம் நோர்த் கரோலினா, மற்றப் பக்கம் ஜோர்ஜ்டவுண், அதுவும் இயேசு சபையார்ட பல்கலைக்கழகம்தான். 60,000 க்கு மேல சனம். நோர்த் கரோலினாவுக்கு அப்ப பெஸ்ட் இயர் படிச்ச மைக்கல் ஜோர்டன் கடைசி விநாடிகள்ல அடிச்ச ஷொட்டால 63க்கு 62, ஒரு பொயிண்ட் முன்னுக்கு. இன்னும் நேரம் இரிக்கு, ஜோர்ஜ்டவுண்ட பிரெட் பிரவுண் பந்தக் கொண்டு வாறான், கண்ணுட ஓரத்தால ஒரு ஆளக் காணுறான், நம்மட ஆள்தான் எண்டு நெனச்சி பாஸ் குடுக்கிறான், குடுத்தது எதிர் டீம் ஜேம்ஸ் வேர்த்திக்கு. அவ்வளவுதான், மச் முடிஞ்சி. நாடே டிவியில பாத்திட்டு இருக்கு. அந்த இடத்துல அவங்கட கோச் ஜோன் தொம்சன் என்ன செஞ்சார் தெரியுமா, ஏசல்ல, முகத்தத் திருப்பல்ல, அந்தப் பொடியன இழுத்து அணைச்சிக்கிட்டார். ரெண்டு வருசம் கழிச்சி 1984ல அதே ஜோர்ஜ்டவுண் ஹூஸ்டன 84க்கு 75 எண்டு வெண்டு சம்பியன் ஆனது, பிரவுண் அந்த டீம்ல இருந்தான், அந்த நேரமும் தொம்சன் அவன அணைச்சிக்கிட்டார்.

இப்ப நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த 1984 மச்சுல பேர் வாங்கினது பிரவுண் இல்ல. சிறந்த வீரர் விருது பட்ரிக் யூவிங்குக்குப் போனது, ஜோர்ஜ்டவுணுக்கு கூடப் பொயிண்ட் அடிச்சது றெஜி வில்லியம்ஸ் எண்ட பெஸ்ட் இயர் பொடியன். பிரவுண் 30 பொயிண்ட் அடிச்சி ஊர்ட வாய மூடல்ல தம்பி. அந்த பாஸுக்குப் பொறகு ரெண்டு வருசம் பிரக்டிஸுக்கு வந்தான், ஓடினான், தன்ட வேலையச் செஞ்சான், டீம் வெல்லக்குள்ள உள்ளுக்கு நிண்டான்.

மறுகா, அவன்ட பிழையையும் உங்கட பிழையையும் நான் ஒரே தட்டுல வைக்க மாட்டன். இத நான் சொல்லாம விட்டா உங்களுக்கு பொய் சொன்ன மாதிரி. பிரவுண் செஞ்சது கண்ணுட பிழை, விளையாடுறவன் எல்லாருக்கும் வாறது, அதுக்கு மன்னிப்பே கேக்கத் தேவையில்ல. நீங்க உங்கட கடிதத்துல டெக்னிக்கல், வட்சப், அம்மம்மா எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டு வாயக் கட்டி "என்ட பிழை" எண்டு தூக்கிட்டுத் திரியிறீங்க, அதாலதான் பாரம் தாங்க ஏலாம இரிக்கு, எங்க இறக்கிறது எண்டும் தெரியல்ல. பிரிச்சிப் பாருங்க. ரெபரிக்கு கத்தினது கோவம், அதப் பழக்கித்தான் மாத்தோணும், ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டாலும் அடுத்த விசில்ல திரும்ப வரும். கப்டனப் பத்தி எழுதினது ஒரு மனுசன்ட மரியாதையில கைய வெச்சது, அதுக்கு அந்த மனுசனுட்டத்தான் போகோணும். அம்மம்மாவச் சாகடிச்சது பொய். இந்த மூண்டுலயும் அதுதான் மிச்சம் ஆழமாப் போயிரிக்கு, நீங்க நெனைக்கிறீங்க தோத்த மச்சுக்காகத்தான் அவனுகள் பாஸ் தரல்ல எண்டு, எனக்கு அப்பிடித் தெரியல்ல. ஒரு மச் தோத்தத பொடியனுகள் அடுத்த சீசனோட மறந்துருவானுகள். ஆனா ஒரு சாவு எண்டு கேட்டு, மனசு பதறி, டீம் காசு சேத்து மரண வீட்டுக்கு வரத்தான் யோசிச்சிருப்பானுகள், நம்மட ஊர்ல அப்பிடித்தானே, ஒரு பச்ல ஒருத்தன்ட வீட்டுல சாவு எண்டா வான் புடிச்சிக் கொண்டு போறது நம்மட பழக்கம். அந்த இரக்கத்த நீங்க ஏமாத்திட்டீங்க. அவனுகள் அம்மம்மா சுகமா எண்டு கேக்கிறது நக்கல்தான், ஆனா அந்த நக்கலுக்குக் கீழ நொந்த மனசு இரிக்கு, அத ஒருக்கா நினைச்சிப் பாத்தா அவனுகள்ல உள்ள கோவம் உங்களுக்குக் கொஞ்சம் இறங்கும்.

அப்ப என்ன செய்யிறது.

முதல்ல கப்டன்ட்ட போங்க. கோர்ட்ல வேணாம், மத்தவங்க நிக்கக்குள்ள வேணாம், வட்சப்ல வேணவே வேணாம். கென்டீன்ல ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதும். நான் எழுதித் தாறன், உங்கட வாயால மாத்திச் சொல்லுங்க: "மச்சான், அண்டைக்கு குரூப்புல உன்னப் பத்தி எழுதினது பிழ. நீ விளையாடித்தான் கப்டன் ஆன, அது எனக்கு அப்பவும் தெரியும். அம்மம்மாட விசயமும் பொய்தான். என்ன டீம்ல போடு எண்டு கேக்க வரல்ல, இதச் சொல்லத்தான் வந்தன்." இவ்வளவுதான். இதுக்குப் பின்னால "ஆனா" எண்டு ஒண்டு வரும் பாருங்க, ஆனா நீயும் பஸ்ல எனக்கிட்ட கதைக்கல்ல, ஆனா ரெபரி பிழையாத்தான் குடுத்தான் எண்டு, அத விழுங்குங்க. பஸ் பொலனறுவ தாண்டி, மன்னம்பிட்டி தாண்டி, வெலிக்கந்தை தாண்டி வந்தும் ஒருத்தனும் கதைக்காம இருந்தது உங்களுக்கு எப்பிடி வலிச்சிருக்கும் எண்டு எனக்கு வெளங்குது, அத எனக்கிட்ட சொல்லுங்க, வேற ஒரு நாள் அவனுட்டயும் சொல்லலாம், மன்னிப்புக் கேக்கிற நாளில சொன்னா அது கணக்குத் தீக்கிற மாதிரி ஆயிரும். அவன் ஒண்டும் சொல்லாம எழும்பிப் போகலாம். போகட்டும், நீங்க சொல்லுறதச் சொல்லிட்டீங்க.

பொறகு குரூப்புல ரெண்டு வரி போடுங்க, அந்தக் குரூப்புலயேதான். பத்துப் பேருக்கு முன்னால சொன்னதுக்கு தனியாப் போய் மன்னிப்புக் கேட்டா மிச்ச ஒம்பது பேருக்கு அது போய்ச் சேராது. "கப்டனப் பத்தி நான் எழுதினது பிழ, அவன்ட்டயும் சொல்லிட்டன். பிரக்டிஸ் விட்டதுக்கு நான் சொன்ன காரணமும் பொய், எல்லாருட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்." அழுற முகமெல்லாம் போடாதீங்க, நீட்டி எழுதாதீங்க, பதிலுக்கு ஆர் என்ன போட்டாலும் திரும்ப எழுதாதீங்க. கைப்போன ஒருக்கா மேசையில வெச்சிட்டு ஒரு மணித்தியாலம் நடந்துட்டு வாங்க.

கோச்சுட்டயும் போகோணும். அவர் உங்களக் கூப்பிட்டுட்டார், மறுகா என்னத்துக்கு எண்டு நீங்க நெனைக்கலாம். இங்க என்ட சொந்தக் கதை ஒண்டு சொல்லுறன், இத நான் எழுதினதே இல்ல. இந்த உளவளத்துணை வேலைக்கு வர முதல் நான் கனகாலம் உடற்கல்வி ஆசிரியரா இருந்தவன், ஒரு ஸ்கூல்ல எனக்கு ஒரு பொடியன் இருந்தான், நல்ல உயரம், இடக்கை, அப்பிடி ஒரு கை நான் பொறகு காணல்ல. விடிய பிரக்டிஸுக்கு வராம விட்டுட்டு காய்ச்சல் காய்ச்சல் எண்டு சொல்லுவான், ஒரு நாள் பொய் எண்டு தெரிஞ்சி டீம்ல இருந்து வெட்டிட்டன். ஏன் பொய் சொன்ன எண்டு ஒரு வார்த்த கேக்கல்ல. ரெண்டு வருசம் கழிச்சி அவன்ட தாய் வேற ஒரு விசயமா வந்த நேரம்தான் சொன்னா, தகப்பன் படுக்கையில இருந்த காலத்துல அவன் விடிய மூணு மணிக்கே மீன் பெட்டி தூக்கப் போயிட்டு நேரா ஸ்கூலுக்கு வாறவன் எண்டு. சொல்ல வெட்கம், அதால காய்ச்சல். பொய் பொய்தான், ஆனா நான் கேட்டிருக்கோணும். கேக்காத கோச்மார் நாங்க கனபேர் இரிக்கம், அதாலதான் சொல்லுறன், உங்கட கோச் கேக்கல்ல எண்டாலும் நீங்களாப் போய்ச் சொல்லுங்க, காசு தேவைப்பட்டுத்தான் அந்த டோர்ணமெண்டுக்குப் போனீங்களா, இல்ல டீம்ல முகம் குடுக்க ஏலாம ஓடினீங்களா? கடிதத்துல காசுக்கு எண்டு ஒரு சொல்லு மட்டும் போட்டிரிக்கீங்க, அதுக்குப் பின்னால வீட்டு நிலம எப்பிடி எண்டு எனக்குத் தெரியா. கஷ்டம்தான் காரணம் எண்டா அதச் சொல்லுறது சாட்டு இல்ல, அடுத்த தரம் பொய் சொல்லத் தேவையில்லாம பிரக்டிஸ் நேரத்த மாத்த வழி இரிக்கா எண்டு அவரும் யோசிக்கலாம், உடற்கல்வி அலகுல கேட்டா பஸ் காசு, சப்பாத்து போல சின்ன விசயத்துக்கு உதவி கிடைக்கவும் கூடும்.

இனி கோவத்துக்கு வருவம், இது எனக்குப் பிடிச்ச வேலை, ஏனெண்டா இது பழக்க ஏலுமான விசயம். ரூல உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல, ரெண்டு டெக்னிக்கல் எண்டா வெளிய, ஒவ்வொரு டெக்னிக்கலுக்கும் எதிர் டீமுக்கு ஒரு பிரீ த்ரோ, அதாவது ஒருத்தரும் மறிக்காம லைன்ல நிண்டு அடிக்கிற ஷொட், அந்த டெக்னிக்கல் உங்கட அஞ்சு பவுல்லயும் ஒண்டாக் கணக்கு, டீம் பவுல்லயும் கணக்கு. நீங்க கவனிச்சீங்களோ தெரியா, கடைசி ரெண்டு நிமிசத்துல ஒரு டீம் நாலு பவுல்ல நிண்டா, அதுக்குப் பொறகு தொட்டதுக்கெல்லாம் ரெண்டு பிரீ த்ரோ போகும், ஒரு கத்தல்ட விலை அந்த ஒரு பிரீ த்ரோவோட நிக்காது. ரெபரிக்கிட்ட கதைக்கிற உரிமை கப்டனுக்கு மட்டும்தான், அதும் மரியாதையா, பந்து டெட்டாகி குளொக் நிண்ட நேரம். அப்ப நீங்க வாய் துறக்கிறதுக்கே அங்க இடம் இல்ல, அது நல்லதுக்குத்தான், கதைக்கிற பாரத்த கப்டன்ட்ட குடுத்துட்டு நீங்க உங்கட வேலையப் பாக்கலாம்.

விசில் கேட்ட உடன ஒரு வேலை இரிக்கோணும் கைக்கும் காலுக்கும். சும்மா "கோவப்படாத" எண்டு மனசுக்குச் சொல்லி வேலை இல்ல, நெஞ்சு அடிக்கிற அந்த நேரம் மனசு கேக்காது, உடம்புதான் கேக்கும். பந்து கையில இரிந்தா ரெபரிக்கிட்ட ரெண்டு கையாலயும் குடுங்க, எறிய வேணாம். முதுகத் திருப்புங்க. நாலு எண்ணுற அளவு மூச்ச எடுத்து ஏழு எட்டு எண்ணுற அளவு வாயால மெல்ல விடுங்க, விடுற மூச்சு நீளமா இருந்தா நெஞ்சு இறங்கும், அது உடம்புட அமைப்பு. பொறகு நீங்க காக்கிற ஆள்ட நம்பரப் பாத்து வாய்க்குள்ள சொல்லிக்கொள்ளுங்க, 7 எண்டா 7. கண்ணுக்கு ஒரு வேலை குடுத்தா ரெபரிட முகத்தத் தேடாது. இதையே பிரீ த்ரோ லைன்லயும் செய்யலாம், ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி, மூண்டு தரம் பந்தத் தட்டுறதெண்டா மூண்டுதான்.

ஆனா இத ரூமுல இருந்து பழக்கி வராது. பிரக்டிஸ் மச்சுல ஆரையாவது ரெபரியா நிப்பாட்டி, வேணுமெண்டே உங்களுக்குப் பிழையா விசில் அடிக்கச் சொல்லுங்க. எப்ப எண்டு சொல்லாம, நீங்க களைச்சி விழுற நேரம் பாத்து. அந்த நக்கல் அடிக்கிற ரெண்டு பேரையே கேளுங்க, சத்தியமாச் சொல்லுறன், அவங்களவிட நல்லாச் செய்ய வேற ஆள் கிடைக்காது. முதல் நாள் உங்களுக்கு மண்டை வெடிக்கும். பத்தாம் நாள் மூச்சு தன்னால வரும். அதுக்குள்ள அவங்களுக்கும் உங்களுக்கும் இடையில ஏதோ ஒண்டு மாறியிருக்கும், ஏனெண்டா ஒருத்தன் தன்ட பலவீனத்த எனக்கிட்ட தந்து "இதுல அடி, நான் பழகோணும்" எண்டு சொன்னா அவன வெறுக்கிறது கஷ்டம்.

இப்ப பாஸ். பாஸ் தாறான் இல்ல எண்டு மூணு நாள்லயே எழுதிட்டீங்க. மூணு நாள் தம்பி! ஒரு வருசம் வெளிய நிண்ட ஆள். அவனுகள் தரோணும் எண்டு கை நீட்டிக்கொண்டு மூலையில நிக்காதீங்க, நிண்டா மூணாம் மாசமும் அப்பிடித்தான் நிப்பீங்க. இந்த விளையாட்டுல ஒருத்தன்ட கையப் பாத்துக்கொண்டு இருக்காம செய்யிற வேலை எவ்வளவு கிடக்கு. ரீபவுண்டுக்கு, அதாவது தவறின ஷொட் தெறிச்சி வாற பந்த எடுக்கிறதுக்கு, ஆரும் பாஸ் தரத் தேவையில்ல. ஷொட் மேல போன உடன எல்லாரும் பந்தப் பாப்பானுகள், நீங்க ஆளப் பாருங்க, அவன்ட நெஞ்சுக்கு முதுகக் குடுத்து இடுப்பப் பதிச்சி, அவன் எந்தப் பக்கம் தள்ளுறான் எண்டத முதுகால உணர்ந்துக்கொண்டு நில்லுங்க, பொறகு பாயுங்க. மூலையில இருந்து அடிக்கிற ஷொட் தவறினா கூடுதலா மற்றப் பக்கம்தான் வந்து விழும், தூரத்துல இருந்து அடிக்கிற ஷொட் தெறிச்சித் தூரமாப் போகும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சத வேலையா எடுங்க. எடுத்த பந்த நீங்க அடிக்காதீங்க, கப்டன்ட்ட குடுங்க. திரும்ப அடுத்ததும் எடுத்துக் குடுங்க. உங்களுக்கு பாஸ் தராத அதே பொடியனுக்கு, அவனக் காக்கிற ஆள்ட வழிய மறிச்சி நிண்டு ஸ்கிரீன் வெச்சிக் குடுங்க, அவன் லேசா அடிச்சிட்டுப் போகட்டும். ஆராவது விழுந்தா முதல்ல ஓடிப் போய் கை குடுத்துத் தூக்குங்க. எதிராளி நெஞ்சால மோத வாற நேரம் விலகாம நிண்டு விழுந்து சார்ஜ் எடுங்க, பந்த நிலத்துல அடிச்ச அதே ஆள் டீமுக்காக நிலத்துல விழுறத அவனுகள் காணட்டும். ஒரு நாள் ஆரோ ஒருத்தன் பழக்கத்துல, யோசிக்காம உங்களுக்கு ஒரு பாஸ் போட்டுருவான். அந்த நேரம் அதப் பெருசாக் கொண்டாடாதீங்க, பிடிச்சி திரும்பக் குடுங்க.

அந்த 30 பொயிண்ட் ஆசைய நான் ஏன் இவ்வளவு மறிக்கிறன் எண்டா, அந்த மச் உங்களுக்குக் கிடைச்சாலும் பயம். முதல் ரெண்டு ஷொட் தவறினா மூணாவதையும் நீங்கதான் அடிப்பீங்க, நாலாவதும், ஏனெண்டா நீங்க விளையாடுறது அந்த டீமோட இல்ல, உங்கட பேரோட. அப்ப ரெபரி ஒரு பிழையான விசில் அடிச்சா என்ன நடக்கும் எண்டு நீங்களே சொல்லுங்க. நான் முன்னுக்குச் சொன்ன அதே அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டியில வேர்ஜினியா எண்ட பல்கலைக்கழகம் 2018ல முதல் ரவுண்ட்லயே 74க்கு 54 எண்டு தோத்தது, முதலாம் தரவரிசை டீம் ஒண்டு பதினாறாம் தரவரிசை டீம்ட்ட தோத்தது ஆம்பிளைகள்ட அந்தப் போட்டியில அதுதான் முதல் தரம், அவ்வளவு பெரிய அவமானம். அடுத்த வருசம் அவங்கதான் சம்பியன். அதுல அரையிறுதியில கைல் காய் எண்ட பொடியன் 0.6 விநாடி மிச்சம் இருக்கக்குள்ள லைன்ல நிண்டு மூண்டு பிரீ த்ரோவும் போட்டு 63க்கு 62 எண்டு வெல்ல வெச்சான், அவன் தனக்கு மனப்பதட்டம் இரிக்கு எண்டு வெளிப்படையாச் சொன்ன ஆள். அப்பிடி ஒரு நிமிசம் உங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வந்தா, தினமும் பின்னேரம் போட்ட அதே பிரீ த்ரோவா அது உங்கட கைக்கு இரிக்கோணும், அவ்வளவுதான் நான் கேக்கிறது.

ஒரு வருசம் விட்ட உடம்பு, அதையும் பாத்துக்கொள்ளுங்க. முதல் மூணு கிழம பாய்ச்சலக் குறைச்சி, கணுக்கால், முழங்கால் பலப்படுத்துற வேலைய கூட்டுங்க, சீமெந்துக் கோர்ட்ல நம்மட வெயிலுக்க தண்ணி இல்லாம ஓடாதீங்க. லெக்சர் வருகைய விட்டுட்டு இதுல மூழ்கவும் வேணாம், 80 வீதத்துக்குக் கீழ போய் சோதின எழுத ஏலாமப் போனா இதுவும் உங்கட கணக்குல இன்னொரு கதையாச் சேரும்.

அம்மம்மாட விசயம் ஒண்டு மிச்சம் இரிக்கு. அவவுக்குத் தெரியா எண்டு எழுதியிரிக்கீங்க, அந்த வரிய நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். ஒவ்வொரு கிழமையும் வீட்ட போய் அவட கையால சோறு வாங்கித் தின்னக்குள்ள உங்களுக்கு எப்பிடி இரிக்கும் எண்டு நெனச்சன். எனக்குத் தெரிஞ்ச அம்மம்மாமாரக் கணக்குல எடுத்துச் சொல்லுறன், அவவுட்ட சொல்லுங்க. முதல்ல ரெண்டு ஏச்சு விழும், "நான் செத்துட்டன் எண்டா சொன்ன" எண்டு. அழுதாலும் அழுவா. பொறகு, சாப்பிட்டியா எண்டு கேப்பா. கம்பஸ்ல நூறு பேர் நக்கல் அடிச்சாலும் அவ ஒருத்தி தெரிஞ்சி மன்னிச்சிட்டா எண்டா அந்த நக்கலுக்கு உங்களக் குத்துற கூர் போயிரும். அடுத்த தரம் அவனுகள் அம்மம்மா சுகமா எண்டு கேட்டா, "சுகம் மச்சான், உங்களையும் கேட்டா" எண்டு உண்மையாவே சொல்லலாம்.

நாளைக்கு பிரக்டிஸ் நாலரைக்கு எண்டா நாலேகாலுக்கு நில்லுங்க. கோர்ட்ட கூட்டுங்க, பந்துக்கு காத்து இரிக்கா பாருங்க, முடிஞ்சா நெட்டுக் கட்டுங்க, ஆரும் வந்து ஏன் எண்டு கேட்டா ஒண்டும் சொல்லாதீங்க. கார்த்திகை மாசம் மழை பிடிச்சா கோர்ட் தண்ணிக்க போயிரும், அதுக்கு முதல் உங்களுக்கு எத்தின பின்னேரம் கிடைக்குமோ அத்தினையும் போங்க. மழை தொடங்க முதல் எனக்கு ஒரு கடிதம் போடுங்க தம்பி. எத்தின பொயிண்ட் எண்டு எழுத வேணாம், எத்தின ரீபவுண்ட் எண்டு எழுதுங்க. அம்மம்மா என்ன சொன்னா எண்டும் எழுதுங்க, நான் பாத்துக்கொண்டு இரிப்பன்.